அங்கன்வாடிப் பணியாளரா, செவிலியரா, தனிப் பணியாளரா: மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக யாரைப் பயிற்றுவிப்பது?

ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஊரொன்றில் எட்டு மாதக் குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லையென்றால், அதை மருத்துவருக்கு முன்பே கவனிக்கக்கூடியவர்கள் மூவர்: அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். இவர்களில் ஒருவருக்குக் கூடுதல் பயிற்சி கொடுப்பது ஒரு வழி. உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இந்த வேலைக்கென்றே தனிப் பணியாளர்களாக, அதாவது மறுவாழ்வுப் பணியாளர்களாக, உருவாக்குவது மற்றொரு வழி. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் இந்த இரண்டாவது வழியில் நெடுங்காலமாகச் செயல்பட்டு வருகிறது.

குழந்தையைக் கண்டுபிடிப்பதற்கு அங்கன்வாடிப் பணியாளருக்கு நிகரானவர் இல்லை. சமவெளியில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது விதி. ஆகவே எந்த வீட்டில் எந்தக் குழந்தை என்பது அவருக்கு மனப்பாடம். மாதந்தோறும் எடை பார்க்கிறார். குழந்தையின் வளர்ச்சி தாமதமாகிறதா என்று பார்க்க உதவும் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையில் இரண்டு வயது வரைக்குமான கேள்விகள் மொத்தம் 17. அதைப் பயன்படுத்த ஒரு நாள் பழக்கினால் போதும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி வழிமுறையை மத்திய அரசு 2023-இல் வெளியிட்டபோது அடிப்படையாகக் கொண்டதும் இந்த நெருக்கத்தைத்தான். ஆனால் சத்துமாவு, பதிவேடு, கைப்பேசிச் செயலி, தேர்தல் பட்டியல் என்று ஏற்கெனவே குவிந்திருக்கும் வேலைகளுக்கு மேல், குழந்தைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒரு முறை ஒரே வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார அவரால் இயலாது. இன்னொரு சங்கடமும் உண்டு: கடுமையான பாதிப்புள்ள குழந்தையை யாரும் மையத்துக்கு அனுப்புவதில்லை. கேட்டால், "அவங்க அப்புச்சியும் நாலு வயசுல தானுங்க பேசுனாரு, நேரமானாப் பேசிக்குமுங்க அம்மிணி" என்று பாட்டி பதில் சொல்லி அனுப்பிவிடுவார். இந்தப் பதிலுக்கு மறுபதில் சொல்லவும் பயிற்சி வேண்டும். பாடத்திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

கிராம சுகாதார செவிலியருக்குப் பிறப்பு விவரம் தெரியும்: பிறந்தவுடன் அழுததா, மஞ்சள் காமாலை எவ்வளவு நாள் இருந்தது, எத்தனை நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அவர் அனுப்பினால் குடும்பம் தட்டாமல் போகும். ஆனால் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் என்ற நிலையில், அவரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, வீடு தேடிவரும் இயன்முறை மருத்துவர் என்ற அரிய வசதி வட்டார அளவில் கிடைத்தது. இதை வைத்து, அந்தத் திட்டத்திலேயே குழந்தைகளையும் சேர்த்துவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். கவர்ச்சியான யோசனைதான், ஆனால் பக்கவாதம் வந்தவருக்குத் தருவது இழந்த அசைவை மீட்கும் பயிற்சி, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குத் தருவதோ இதுவரை கற்றிராத அசைவை விளையாட்டின் வழியே கற்பிக்கும் பயிற்சி. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பழகிய தன்னார்வலருக்கு இரண்டாவதைப் புதிதாகத்தான் கற்பிக்க வேண்டும். அந்த இயன்முறை மருத்துவரை மேற்பார்வைக்குப் பயன்படுத்துவதே பொருத்தம்.

தனிப் பணியாளரை நான் ஆதரிப்பதற்குக் காரணம், வேலையின் தன்மை. ஓர் எடுத்துக்காட்டு போதும். உடல் விறைத்த குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது கஞ்சி புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். இருமலும் அடிக்கடி வரும் சளிக்காய்ச்சலும் அதன் விளைவாக இருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, கரண்டியை எதிரிலிருந்து கொண்டுவர வேண்டும். வகுப்பறையில் பொம்மையை வைத்துப் பத்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் பொம்மை விறைப்பதில்லை, கரண்டியைக் கடிப்பதில்லை, அழுது பின்னால் வளைவதில்லை. உண்மையான குழந்தையிடம், அதன் தாயின் முன்னால், சிகிச்சையாளர் அருகிலிருந்து கையைத் திருத்தும்போதுதான் அது கைவரும். திருப்பூரில் மலிவாகக் கிடைக்கும் கட்டிங் வேஸ்ட்டை, அதாவது பனியன் துணி வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை, திணித்து உருளைத் தலையணை தைத்து, குழந்தையின் மார்புக்கடியில் வைத்துக் குப்புறப் படுக்கவிட்டுத் தலை தூக்கப் பழக்குவதும் இப்படித்தான் பரவும்.

ஆகவே பயிற்சி முறையிலும் தேர்வு தேவைப்படுகிறது. மாவட்டத்தில் சிலருக்கு, அவர்கள் வட்டாரத்தில் பலருக்கு, பிறகு ஊருக்கு என்று படிப்படியாக இறங்கும் முறை செலவு குறைந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகை இயலாமைகளின் பெயர்களையும் விண்ணப்பங்களையும் கற்பிக்க அது போதும். விண்ணப்பத்தைச் சிறிதாக நினைக்கக் கூடாது: மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் வழிகாட்டத் தெரிந்தவருக்குத்தான் பல வீடுகளில் கதவு திறக்கும். கைத்திறனுக்கோ அந்த முறை உதவாது. ஒவ்வொரு படியிலும் பாதி உதிர்ந்துபோகிறது. சில வார வகுப்பு, அதன்பின் ஓராண்டு வாரந்தோறும் மேற்பார்வையுடன் வீட்டுப் பணி என்பது செலவு கூடியது என்றாலும், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் வகுப்பைக் குறைத்து மேற்பார்வையைக் காப்பாற்றுவேன். கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்துக்குச் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு புலம் இருக்கிறது. மேற்பார்வைக்கு ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் ஷிப்ட் போகும் பெற்றோரின் பிள்ளையைப் பகலில் வைத்திருப்பவர் பாட்டி. பத்து மணிக்கு வரும் பணியாளர் தாயைச் சந்திக்கவே மாட்டார். அலுவலக நேரத்துக்குக் கட்டுப்பட்ட மற்ற மூவரைவிட, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வரக்கூடிய தனிப் பணியாளர் இங்கேயும் முந்துகிறார்.

மலைக்குப் போனால் கணக்கு மாறுகிறது. தாளவாடியிலும் பர்கூரிலும் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. பல வீடுகளில் பேச்சு கன்னடம். நான்கைந்து குழந்தைகளுக்காகத் தனிப் பணியாளர் ஒருவர் காடு தாண்டி நடப்பதைவிட, அங்கேயே வாழும் ஆஷா என்னும் ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் கைத்திறன் கற்றுத்தந்து, அதற்கெனத் தனி ஊக்கத்தொகை கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். தாளவாடிக்குப் போகும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சிகிச்சையாளர் வாரந்தோறும் வருவார் என்று திட்டமிடக் கூடாது. மாதம் ஒரு வருகை, இடைப்பட்ட வாரங்களில் கைப்பேசிக் காணொளி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காணொளியில் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பாமல், இடுப்பும் காலும் தரையும் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடுக்க முதல் நாளே பழக்கிவிட வேண்டும்.