பம்ப் ஸ்டவ்வா, திரி ஸ்டவ்வா, மரத்தூள் அடுப்பா?

பழைய அடுப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பம்ப் ஸ்டவ்வைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். அந்த 'உஸ்ஸ்ஸ்' சத்தம், பளபளக்கும் பித்தளை, நீலத் தீ. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன், அம்மாவிடம் ஒரு நாள் வாயைக் கொடுக்கும்வரை. எங்கள் வீட்டில் எண்பதுகளில் மூன்றுமே இருந்தன. கேஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜெயிப்பது நான் நினைத்தது இல்லை.

முதலில் பம்ப் ஸ்டவ். 1892-இல் சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த பிரைமஸ்தான் இதற்கு மூதாதை. தொட்டியில் காற்றை அடித்தால் மண்ணெண்ணெய் மேலே ஏறும், சூடான பர்னருக்குள் ஆவியாகி நிப்பிளின் ஊசித் துளை வழியே சீறிக்கொண்டு வந்து எரியும். திரி கிடையாது, சரியாக எரிந்தால் கரியும் கிடையாது. சோற்றுப்பானை இதில் கொதித்த வேகத்துக்கு மற்ற இரண்டும் கிட்டக்கூட வராது.

ஆனால் பற்ற வைப்பது தனிச் சடங்கு. காற்றுத் திருகைத் திறந்து வைக்க வேண்டும். பர்னருக்குக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்த வேண்டும், ஸ்பிரிட் இல்லாத நாளில் கம்பியில் துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்து பர்னரைச் சூடாக்க வேண்டும். அது அணையப் போகிற நேரம் பார்த்துத் திருகை மூடி, நாலு அடி மெதுவாக அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சிக்கொண்டு வந்து, மஞ்சள் கொழுந்து மேலே எகிறும். எங்கள் அடுக்களைச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை ஒன்று இருந்தது, வெள்ளையடித்தாலும் அடுத்த மாதம் திரும்ப வந்துவிடும். நடுவில் நிப்பிள் அடைத்துக்கொண்டால் பின் போட்டுக் குத்த வேண்டும். தகரப்பட்டையின் நுனியில் மயிரிழைக் கம்பி வைத்த அந்த பின், தேவைப்படுகிற நேரத்தில் மட்டும் வீட்டில் எங்கேயும் இருக்காது. தோல் வாஷர் காய்ந்துபோனால் பம்ப் பிடிக்காது, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம், அதற்கும் மசியாவிட்டால் தெருவில் 'ஸ்டவ் ரிப்பேர்' என்று கத்திக்கொண்டு சைக்கிளில் வருபவருக்காகக் காத்திருப்போம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்று செய்தித்தாளில் வராத வாரம் அப்போது குறைவு. சில நிஜமாகவே விபத்து. பல அப்படி இல்லை என்று ஊருக்கே தெரியும், 'அது என்ன, மருமகள் பக்கத்தில் போனால் மட்டும் வெடிக்கிறது?' என்று கேட்காத ஆளே இல்லை. வரதட்சணைச் சாவுக்கென்று 304பி பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது 1986-இல். எனவே அந்தச் சத்தத்தை எல்லோரும் ஏக்கத்தோடு நினைக்க மாட்டார்கள்.

சரி, திரி ஸ்டவ். வீட்டுக்கு வீடு இருந்தது நூதன் என்ற மாடல்தான், எழுபதுகளில் இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சிப் பிரிவு எண்ணெயை மிச்சம் பிடிக்கவென்று உருவாக்கியது. கீழே தொட்டி, அதில் ஊறும் பத்துத் திரிகள், மேலே ஓட்டை ஓட்டையாக இரண்டு தகரக் குழாய்கள், அவ்வளவுதான். திரியை ஏற்றிக் கொளுத்தினால் முதலில் மஞ்சளாக எரியும், குழாய் சிவக்கச் சிவக்க நீலமாக மாறும். பம்ப் ஸ்டவ்வில் தோசை நடுவில் கருகும், ஓரம் வேகாது. இதில் தீ வட்டமாகப் பரவுவதால் தோசை ஒரே சீராக வரும். தீயைக் குறைக்க ஒரு பிடியைத் திருகினால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. பத்தில் ஒரு திரி மட்டும் உயரமாகிவிட்டால் புகைந்து பாத்திரத்தின் அடியெல்லாம் கரி அப்பிவிடும், கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் மட்டமாக வெட்டிவிட வேண்டும். புதுத் திரி கோப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும். அணைக்கும்போது கிளம்பும் அந்த நெடி இருக்கிறதே, காபியில்கூட ஏறிவிடும். விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை மாற்றாமல் டம்ளரைக் கீழே வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டுக்கும் ரேஷன் கடைதான் எஜமான். நீல நிற மண்ணெண்ணெய் வருகிற நாள் தெரிந்துவிட்டால் கேனும் புனலுமாக விடிகாலையிலேயே வரிசை. வராத மாதம்? அப்போதுதான் கொல்லையில் கிடக்கும் மரத்தூள் அடுப்புக்கு மரியாதை வரும்.

மரம் அறுக்கும் மில்லில் மூட்டையாகத் தூள் வாங்கி வருவோம். அடுப்பு என்பது ஒரு தகர டப்பா, கீழே பக்கவாட்டில் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைப் போட்டுக் கையால் இறுக்கி இறுக்கி அடைக்க வேண்டும். பிறகு இரண்டையும் திருகித் திருகி உருவினால் உள்ளே சுரங்கம் தயார். கீழே ஒரு சிராய் வைத்துக் கொளுத்தினால் இரண்டு மூன்று மணி நேரம் தானாக எரியும், ஊதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். வெந்நீர், இட்லி, பயறு எல்லாம் அதன்பாட்டுக்கு ஆகும். ஆனால் நினைத்தபோது அணைக்க முடியாது, ஒரு டம்ளர் காபிக்காக இதை மூட்டுவது பைத்தியக்காரத்தனம். தூள் ஈரமாக இருந்தால் வீடே இருமும். சரியாக இறுக்காவிட்டால் நடுவில் சரிந்து, புகை மட்டும்தான் மிஞ்சும்.

அம்மாவின் தீர்ப்பில் திரி ஸ்டவ் முதல், மரத்தூள் இரண்டாவது, பம்ப் ஸ்டவ் கடைசி. 'நீ சத்தத்தைத்தானே கேட்ட, நான்தானே குனிஞ்சு பத்த வெச்சேன்' என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கேஸ் பரவியதும், 2006 தேர்தலுக்குப் பிறகு அரசே இலவசமாக அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும் மூன்றும் ஒதுங்கின. நம் நினைவில் பம்ப் ஸ்டவ் மட்டும் தங்கியதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ரொம்பச் சாதாரணமானது: பித்தளை துருப்பிடிக்காது, மற்ற இரண்டும் தகரம்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில், தேய்த்து மினுக்கி வைத்திருந்த பம்ப் ஸ்டவ் ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். 'எரியாது சார், ஷோவுக்கு வெச்சுக்கலாம்' என்றார் கடைக்காரர். அம்மா குனிந்து நிப்பிளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: 'பின் இருக்கா?'