டைரக்டரிக்குப் போடும் சிம்லிங்க்: பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகும் தீராத எரிச்சல்

நண்பர் ஒருவர் நேற்றுக் கேட்டார்: "'கரண்ட்' என்ற சிம்லிங்க்கைப் புது வெர்ஷனின் டைரக்டரிக்கு மாற்றினேன், எர்ரர் எதுவும் வரவில்லை, ஆனால் பழசுதான் ஓடுகிறது, ஏன்?" சிம்லிங்க் என்பது வேறொரு ஃபைலையோ டைரக்டரியையோ (ஃபோல்டரையோ) சுட்டிக்காட்டும் ஒரு பெயர்; வெர்ஷனுக்கு ஒரு டைரக்டரி வைத்து, ஓட வேண்டியதை 'கரண்ட்' காட்டும். லினக்ஸ் சர்வர்களில் இதே ஏற்பாட்டோடு பல வருஷமாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கோபம் வருகிறது, கேட்டவர் மேல் இல்லை, லிங்க் போடும் எல்என் (ln) கட்டளை மேல்.

எல்என்னுக்கு -எஸ்எஃப் (-sf) ஆப்ஷன் கொடுத்தால் இருக்கிற லிங்க்கை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள், ஃபைலைக் காட்டும் லிங்க் என்றால் அப்படித்தான் செய்கிறது. அதுவே டைரக்டரியைக் காட்டும் லிங்க் என்றால், அதன் வழியாக உள்ளே நுழைந்து, பழைய வெர்ஷனுக்குள்ளேயே புது லிங்க் ஒன்றைப் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று சத்தமில்லாமல் திரும்பிவிடும். தடுக்க -என் (-n) சேர்க்க வேண்டும், அல்லது லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு எல்என்னில் பெரிய எழுத்து -டி (-T). நகர்த்தும் கட்டளையான எம்வியிலும் (mv) இதே கதைதான், அங்கேயும் பெரிய -டி போடாவிட்டால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, உள்ளே விழுந்த அந்த லிங்க்கை அழிக்கலாம் என்று போனால் அழிக்கும் கட்டளையான ஆர்எம் (rm) காத்திருக்கிறது. உள்ளே உள்ளதையும் சேர்த்து அழிக்கும் ஆர்எம் -ஆர் (-r) கொடுத்து லிங்க்கின் பெயரை மட்டும் எழுதினால் லிங்க் மட்டும் போகும். பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்லாஷ் இருந்தால், லிங்க் காட்டுகிற டைரக்டரியில் உள்ளதெல்லாம் போய்விடும், லிங்க் அப்படியே நிற்கும், அதற்குப் பிறகுதான் 'இது டைரக்டரி இல்லை' என்று எர்ரர் வேறு! கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல்லை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள், பெயரை முடித்துத் தரும் டேப் கீயை முதல் முறை தட்டும்போது டைரக்டரிக்கான சிம்லிங்க்குக்கு ஸ்லாஷ் ஒட்டுவதில்லை. ஆனால் இன்னொரு முறை தட்டினால் ஒட்டிவிடும்.

நியாயமாகப் பார்த்தால், 1983-ல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வெர்ஷனில் வந்த சிம்லிங்க் போல உபயோகமான வசதி குறைவு. டிஸ்க் நிரம்பினால் டைரக்டரியை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி, பழைய இடத்தில் ஒரு லிங்க் வைத்தால் போதும், பெரும்பாலான புரோகிராம்களுக்கு எதுவும் தெரியவே தெரியாது. ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் (find) நல்ல பிள்ளை, சொல்லாமல் எந்த லிங்க்கையும் பின்தொடராது. ஃபைல்களுக்குள் சொல் தேடும் கிரெப்பும் (grep) 2012-ல் 2.12 வெர்ஷனில் திருந்தியது: சின்ன எழுத்து -ஆர் (-r) உள்ளே எதிர்ப்படும் லிங்க்குகளை விட்டுவிடும், பெரிய எழுத்து -ஆர் (-R) தொடரும். காப்பி எடுக்கும் சிபியில் (cp) மட்டும், பெரிய -ஆர் கொடுத்து, லிங்க்கைத் தொடர வேண்டுமா என்று சொல்லும் எச், எல், பி (-H, -L, -P) எதுவும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரமே முடிவு செய்யாமல் விட்டிருக்கிறது.

படிக்கிற கட்டளை லிங்க்கைத் தாண்டிப் போகட்டும், அதில் எனக்குப் புகார் இல்லை. அழிக்கிற, மாற்றுகிற கட்டளை லிங்க்கிலேயே நிற்க வேண்டும், ஸ்லாஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உள்ளே போக வேண்டும் என்கிறவர்தான் தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும், இப்போது தலைகீழாக இருக்கிறது.

இத்தனை பாராட்டியும், புதிதாக சர்வர் அமைக்கிறவர் இன்றைக்கு என்னிடம் கேட்டால் டைரக்டரிக்கு சிம்லிங்க் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டிஸ்க் மாற்றத்துக்கு, ஒரு டைரக்டரியை இன்னொரு இடத்திலும் தெரிய வைக்கும் பைண்ட் மவுண்ட் போடுங்கள், அங்கே டைரக்டரி எல்லாக் கட்டளைக்கும் டைரக்டரியாகவே தெரியும்.