குளச்சல் வீட்டுக்கு ஒரு கேமிங் கணினி: எதைப் பழையதாக வாங்கினோம், எதைப் புதிதாக

என் அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்ற ஆண்டு மே மாத விடுமுறையில், 42,000 ரூபாய்க்குள் விளையாடத் தகுந்த ஒரு கணினியை அமைத்துத் தர வேண்டும் என்று என்னிடம் வந்தான். மானிட்டரும் கீபோர்டும் வீட்டிலேயே இருந்தன; மற்ற அனைத்தையும் வாங்க வேண்டியிருந்தது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் விசாரித்தபோது, எல்லாப் பாகங்களையும் புதிதாக எடுத்தால் 53,500 ரூபாய் ஆகும் என்று தெரிந்தது. பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, கேபினெட் ஆகிய மூன்றை மட்டும் பழையதாக எடுத்து, மீதியைப் புதிதாக வாங்கி, 40,700 ரூபாயில் முடித்தோம். ஒரு மழைக்காலத்தையும் கடந்து எட்டு மாதங்கள் அது ஓடியிருப்பதால், அந்த 12,800 ரூபாய் உண்மையில் மிச்சம்தானா என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

பழைய பாகம் வாங்குவதில் பெரும்பாலானோர் பார்ப்பது விலையையும் வயதையும்தான். நான் முதலில் கேட்பது வேறு: இந்தப் பாகம் கெட்டால் தன்னோடு நிற்குமா, மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்குமா? பிராசஸர் கெட்டால் பிராசஸர்தான் போகும். எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி, கெட்டால், அதன் பாதுகாப்புச் சுற்று சரியாக இல்லாத பட்சத்தில், மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு என்று எதுவரைக்கும் போகும் என்று சொல்ல முடியாது. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் ஆண்டுக்கு ஆண்டு தேய்கின்றன. அந்தத் தேய்மானத்தைக் கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் தரச்சான்று கொண்ட எஸ்எம்பிஎஸ் ஒன்றை 4,100 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினோம். அதில் பேரத்துக்கே இடம் கொடுக்கவில்லை.

வாங்கத் தொடங்கும் முன்பே ஒரு கண்ணியில் விழப் பார்த்தோம். பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட, நான்காம் தலைமுறை ஐ7 பிராசஸர் கொண்ட கணினிகளில் ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டைச் செருகி, ‘கேமிங் பிசி’ என்று 15,000 முதல் 18,000 ரூபாய் வரை விற்கிறார்கள். ஐ7 என்ற பெயர் மருமகனின் கண்ணை நிறைத்துவிட்டது. ஆனால் அந்தப் பிராசஸர் வெளிவந்தது 2013இல். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசனில் 2000 வரிசையிலிருந்தும்தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அவன் அன்றாடம் ஆடும் வாலரன்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயக்கத்தில் இருந்தால்தான் உள்ளேயே விடும். இத்தகைய சில கணினிகளின் எஸ்எம்பிஎஸ் இணைப்பு வழக்கமான 24 பின் அமைப்பில் இல்லாததால், பின்னாளில் அதை மட்டும் மாற்றலாம் என்ற வழியும் அடைபடுகிறது. அலுவலகக் கணக்கு எழுத அது நல்ல கணினி. இந்தத் தேவைக்கு அல்ல.

பழையதாக வாங்க மிகவும் பாதுகாப்பான பாகம் பிராசஸர் என்பதே என் கருத்து. தேய்வதற்கு அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. பெட்டி கிழிந்தாலும் உள்ளிருப்பது மாறுவதில்லை. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட் அளவுள்ள ரைசன் 5 5600 ஒன்றை 6,500 ரூபாய்க்கு எடுத்தோம். புதியதற்குக் கடைகள் சொன்ன விலை 9,800. பார்க்க வேண்டியது அடிப்பக்கத்தை மட்டுமே. இது போன்ற ஏஎம்4 வகைப் பிராசஸர்களில் 1,331 பின்களும் பிராசஸரிலேயே இருக்கின்றன. கூலருக்கு வெப்பத்தைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் பழையதாகி இறுகிக் கிடக்கும் நிலையில் கூலரை நேராக மேலே இழுத்தால், பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். எனவே கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். விற்றவர் சற்றுச் சலித்துக்கொண்டார். அதற்கு என்ன செய்வது.

மதர்போர்டைப் பழையதாக வாங்கவில்லை. பி450 வகைப் பழைய போர்டுகள் மலிவாகக் கிடைத்தன என்றாலும், அவற்றில் பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) இருந்தால் 5600 பிராசஸரை அவை அடையாளம் காணாது. அது தவிர, ஒரு ரேம் ஸ்லாட் எப்போதாவது மட்டும் வேலைசெய்யாமல் போவது போன்ற அரைகுறைப் பழுதுகள் போர்டில்தான் அதிகம். அவை கடையில் தெரியாது, வீட்டில்தான் தெரியும்.

இனி கிராபிக்ஸ் கார்டு. மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகிறது, மிச்சமாகும் தொகையில் பாதிக்கு மேல் இதிலிருந்தே வருகிறது, ஏமாற்றமும் இங்கேதான் நடக்கிறது. நாங்களும் ஏமாந்தோம். முதலில் 6,000 ரூபாய்க்கு 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 ஒன்றை, ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டியோடு ஒரு கடையில் வாங்கினோம். வீட்டில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டியபோது, ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகு) எண்ணிக்கை 2,304 என்று வர வேண்டிய இடத்தில் 2,048 என்று வந்தது. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே 2,048 ஷேடர் மட்டும் கொண்ட ஒரு வகை உண்டு. திறனில் அது ஆர்எக்ஸ் 570க்கு நிகரானது. கடைக்காரர் வேண்டுமென்றே தந்தாரா, அவருக்கே தெரியாதா என்பதை நான் ஆராயவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டார், ஆனால் 500 ரூபாய் பிடித்துக்கொண்டார். கார்டைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அடுத்தது கிடைக்கும் வரை ஒன்பது நாட்கள், கணினி இருந்தும் திரையில் எதுவும் தெரியவில்லை. ஏனெனில் ரைசன் 5 5600க்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது. இன்டெலில் எஃப் என்று முடியும் பிராசஸர்களுக்கும் இதே நிலைதான். பழைய கார்டு வாங்க முடிவு செய்பவர்கள், அது கெட்டால் அவசரத்துக்குக் காட்சி தர வீட்டில் வேறு ஏற்பாடு உண்டா என்பதையும் யோசித்துக்கொள்வது நல்லது. எங்களிடம் இல்லை, அந்த ஒன்பது நாட்களும் அக்காவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பழைய கார்டு என்றதும் ‘மைனிங்கில் ஓடியதா’, அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காக ஓயாமல் ஓடியதா, என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, கார்டுகளை வைத்து அதைத் தோண்டும் தொழில் ஒரே நாளில் நின்றுபோய், பெருந்தொகையான கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. அத்தகைய கார்டு என்றாலே குப்பை என்பதை நான் ஏற்கவில்லை. ஒரே சீரான வெப்பத்தில் ஓடிய சிப், சூடாகியும் குளிர்ந்தும் மாறிமாறி ஓடியதைவிட மோசமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தேய்ந்திருப்பது மின்விசிறியும், மெமரியின் மேல் வெப்பத்தைக் கடத்த ஒட்டிய தெர்மல் பேடும்தான், இரண்டையுமே மாற்ற முடியும். கவனிக்க வேண்டியது கார்டுக்குள் இருக்கும் பயாஸ். மைனிங்குக்காக அதைத் திருத்தி எழுதிய கார்டுகள், சாதாரணமாகத் திரை காட்டிவிட்டு, விளையாட்டுக்குள் நுழைந்ததும் முரண்டு பிடிக்கும். அதனால் கார்டை விலை பேசும் முன், கடையிலேயே அரைமணி நேரமாவது ஒரு கனமான சோதனையை ஓட்டச் சொல்ல வேண்டும். மறுப்பவரிடம் வாங்காமல் வந்துவிடலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு சோதனையும் இருக்கிறது, அதுதான் உப்பு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் இருக்கும் வீடுகளில், ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே காற்றுதான் கணினியின் விசிறி வழியாகவும் போகிறது. நாங்கள் பார்த்த கார்டுகளில் ஒன்று, கடலோரத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது. படம் நன்றாகவே காட்டியது. ஆனால் எச்டிஎம்ஐ துளையின் ஓரத்தில் துருவும், பின்தகட்டின் திருகுகளில் பச்சை படிந்த பூஞ்சை போன்ற படலமும் இருந்தன. வெளியே அப்படியென்றால் உள்ளே சாலிடர் இணைப்புகளின் நிலை என்னவாக இருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டோம். விற்பவரிடம் எத்தனை ஆண்டு ஓடியது என்று கேட்பதோடு, எந்த ஊரில் ஓடியது என்றும் கேளுங்கள்.

கடைசியில் தக்கலையில் ஒருவரிடமிருந்து 13,000 ரூபாய்க்கு வாங்கியது, 2021 அக்டோபரில் அறிமுகமான ஆர்எக்ஸ் 6600 வகைக் கார்டு. புதியதற்கு அன்று 20,500 கேட்டார்கள். எங்களை இழுத்தது விலை அல்ல, 2023 ஆகஸ்ட் தேதியிட்ட அசல் பில். மூன்றாண்டு வாரண்டியில் பதினைந்து மாதம் மீதம் இருந்தது. பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் கார்டின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருபவர்கள் கொண்டுவரும் கார்டுகள் இங்கே நிறையக் கைமாறுகின்றன, அவை பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன, ஆனால் பல நிறுவனங்கள் வாரண்டியை விற்ற நாட்டோடு நிறுத்திக்கொள்வதால், அந்தப் பில்லை இங்கே செல்லாததாகக் கருதியே விலை பேச வேண்டும்.

ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட், ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் இந்த வேறுபாடு ஆண்டுக்கு 77 யூனிட், அதாவது இரு மாத மின்கணக்கில் ஏறத்தாழ 13 யூனிட். பெரிய தொகை அல்ல. ஆனால் குறைந்த வாட் என்பது குறைந்த வெப்பம், குறைந்த விசிறிச் சத்தம், எஸ்எம்பிஎஸ்சுக்குக் குறைந்த சுமை. கதவைச் சாத்தி வைக்கும் சிறிய அறையில் அது நன்றாகத் தெரிகிறது.

தகவல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி, 5,200 ரூபாய்க்குப் புதிது. எழுத எழுதத் தேய்வது அதன் இயல்பு என்பதால் பழையதை எண்ணிப் பார்க்கவே இல்லை. ரேம் விஷயத்தில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம்களை அன்று 3,300 ரூபாய்க்குப் புதிதாக வாங்கினோம். ஆண்டு முடிவதற்குள் ஏஐ சர்வர்களுக்கான மெமரித் தேவை பெருகி, அதே ரேமின் விலை இரு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. இன்று வாங்குவதென்றால் ரேமைப் பழையதாகவே எடுப்பேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓட்டி, ஒரு பிழைகூட வரவில்லை என்றால் அதைப் பற்றி மேலும் யோசிக்க ஒன்றுமில்லை. கேபினெட் 800 ரூபாய். ஒரு பக்கம் கீறல், பல வண்ண விளக்கு எதுவும் இல்லை. மருமகன் அதில் மட்டும் மனம் வருந்தினான்.

ஐப்பசி மழையில் இடியும் மின்வெட்டுமாக இருந்த நாட்களில் கணினி தாங்கியது. ஆனால் வீட்டில் கிடந்த பழைய 600 விஏ யுபிஎஸ் தாங்கவில்லை. விளையாட்டின் நடுவில் மின்சாரம் போனால் கணினியும் கூடவே அணைந்தது. புதிய எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும், மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று, மலிவான யுபிஎஸ்கள் தரும் சதுர அலையோடு சில வேளைகளில் ஒத்துப்போவதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். யுபிஎஸ் செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்காதது என் தவறு.

1080பி திரையில் வாலரன்ட், அவனுடைய 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் காட்டக்கூடியதைவிட அதிக பிரேமிலேயே ஓடுகிறது. சைபர்பங்க் 2077 விளையாட்டு நடுத்தர அமைப்பில் நொடிக்கு 60 பிரேமை ஒட்டி நிற்கிறது. டிசம்பரில் கார்டைக் கழற்றித் தூசி தட்டி, தெர்மல் பேஸ்டை மாற்ற நினைத்தேன். வாரண்டி மீதமிருக்கையில் திருகைத் தொட வேண்டாம் என்று அவனே தடுத்துவிட்டான். அந்த வாரண்டி வரும் ஆகஸ்டில் முடிகிறது. அதற்கு முன், ஜூலையிலேயே பில்லோடு விற்றால் நல்ல விலை வரும் என்பது என் கணக்கு. அவனோ, “ஓடுறது வரைக்கும் ஓடட்டும், இது போதும்லா மாமா” என்கிறான்.