துருவைச் சொன்ன பதிவும் துருவை மறைத்த பதிவும்

2019 மார்ச்சில், முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கக் கிளம்பினேன். இரண்டு இருக்கை, திறந்து மூடும் துணிக்கூரை, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. 1989இலிருந்து 1997 வரை வந்த வண்டி இது. எஞ்சினும் கியர்பெட்டியும் உழைப்பாளிகள். இந்தக் காரைக் கொல்வது துரு மட்டுமே. குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்பைத் தூவும் இங்கிலாந்தில் அது இன்னும் வேகமாகக் கொல்லும்.

மூன்று வயதைத் தாண்டிய கார் இங்கே ஆண்டுக்கு ஒருமுறை, சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி சோதனையில் தேற வேண்டும். 2005இலிருந்து நடந்த சோதனைகளின் முடிவுகள் அரசின் இணையச் சேவையில் இருக்கின்றன. பதிவு எண்ணைத் தட்டினால் போதும், கட்டணம் இல்லை. எந்தத் தேதியில் தேறியது, எதனால் தோற்றது, அதுவரை ஓடிய தூரத்தை ஓடோமீட்டர் எவ்வளவு என்று காட்டியது, தேறினாலும் சோதனையாளர் எதைக் கவனிக்கச் சொன்னார் என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அந்தக் கடைசி வகைக் குறிப்பை இங்கே அட்வைசரி என்பார்கள். ஆறு வருடங்களாக இந்தச் சேவையை எனக்காகவும் நண்பர்களுக்காகவும் பார்த்து வருகிறேன். காரை நேரில் பார்ப்பதற்கு முன் இதில் அரை மணி நேரம் செலவிடாதவர் பணத்தோடு விளையாடுகிறார் என்றே சொல்வேன்.

முதலில் எனக்குப் பிடித்துப்போன கார் கரும்பச்சை நிறம். "துருவே கிடையாது" என்று விளம்பரம் சொன்னது. பதிவைத் திறந்தேன். 2013இல், இடப்பக்கம் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தில் லேசான துரு என்று ஓர் அட்வைசரி. மெக்கானிக்குகள் சில் என்று சொல்லும் பாகம் அது. 2014இல் அதே வரி. 2015இல் இரண்டு பக்கமும். 2016இல் ஒரு வார்த்தை இல்லை. 2017இல், அடிப்பாகம் முழுக்கக் கருப்புப் பூச்சு பூசப்பட்டிருப்பதாக ஒரு குறிப்பு. இடையில் ஒரு தோல்விகூட இல்லை.

தோல்வி இல்லாததைப் பார்த்துப் பலர் மகிழ்வார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. மூன்று வருடம் வளர்ந்த துரு நான்காம் வருடம் தானாக மறையாது. வெட்டி எடுத்து வெல்டிங் செய்திருந்தால் ரசீது இருக்க வேண்டும். கேட்டேன், முந்தைய உரிமையாளருக்குத்தான் தெரியும் என்றார் விற்பவர். சோதனையாளர் எந்தப் பாகத்தையும் கழற்றிப் பார்க்க அனுமதி கிடையாது. பூச்சுக்குப் பின்னால் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆனாலும் நேரில் போனேன். துணியில் சுற்றிய சிறு காந்தத்தைச் சட்டத்தின் மேல் முன்பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தினேன். கதவின் பாதி தூரம் வரை கவ்விக்கொண்டு வந்தது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் பிடி விட்டுக் கையோடு வந்துவிட்டது. விரல் முட்டியால் தட்டினால் அந்த இடத்தில் மட்டும் மண்சுவரைத் தட்டிய சத்தம். தகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையை அடைக்கும் பட்டிப் பசையை அப்பிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நான் வாங்கிய கார் 1991 மாடல் சிவப்பு வண்டி, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற அதே கார். இதன் பதிவு மேலோட்டமாகப் பார்த்தால் பயமுறுத்தும். 2016இல் தோல்வி: இரண்டு சில்களும், இருக்கைப் பட்டி பொருத்தும் இடத்துக்கு அருகே, அளவுக்கு மீறித் துருப்பிடித்துவிட்டன. அந்த மாதிரி இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகரம் வலுவிழந்தால் வண்டி தேறாது. ஒன்பது நாள் கழித்துத் தேர்ச்சி. விற்றவர் ஒரு தடித்த கோப்பை எடுத்து வைத்தார். வெட்டிய தகரம், உள்சட்டம், புதுத் தகடு, வெல்டிங் தழும்பு என ஒவ்வொரு கட்டத்துக்கும் படம், அடியில் ரசீது. தோற்ற கார்தான் உள்ளே திறந்து பார்க்கப்பட்ட கார். இந்த ஒன்றை மட்டும் நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஓடோமீட்டரும் முதலில் குழப்பியது. 2008இல் 98,000, அடுத்த வருடம் 62,000. மீட்டரைப் பின்னால் திருப்பிவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். பதிவில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல். 98,000 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 61,000 மைல். ஜப்பானிலிருந்து வந்த மீட்டரை இடையில் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவே.

அதைவிட முக்கியமான தகவல் சோதனைக்கும் சோதனைக்கும் இடையிலான தூரம். 2010 முதல் 2013 வரை இந்தக் கார் வருடத்துக்கு 300 மைல்கூட ஓடவில்லை. குறைவாக ஓடிய கார் என்று விளம்பரங்கள் பெருமைப்படும். ஆனால் நின்ற காரில் ரப்பர் குழாய்களில் வெடிப்பு விழும், பிரேக் இறுகும். டயரின் பக்கவாட்டில் 3207 என்று இருந்தது. 2007ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்ததால் சோதனையில் தேறிக்கொண்டே வந்திருக்கிறது. நான்கு டயர், பிரேக் குழாய்கள் ஆகியவற்றின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேசினேன்.

இந்தச் சேவை எல்லாவற்றையும் சொல்லாது. விபத்து, பாக்கிக் கடன் இரண்டும் இதில் வராது. அவற்றுக்குப் பணம் கட்டித் தனியாகப் பார்க்க வேண்டும். எந்தக் கராஜில் சோதித்தார்கள் என்பதை அறிய, வி5சி பதிவுப் புத்தகத்தில் இருக்கும் 11 இலக்க எண் வேண்டும்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 2018 மே 20 முதல், 40 வயது கடந்து பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்குச் சோதனை கட்டாயம் இல்லை. நண்பர் ஒருவர் 1973 எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தார். அதன் பதிவு 2017உடன் நின்றுவிட்டது. "இதற்கு எம்ஓடி தேவையே இல்லை" என்றார் விற்பவர். சட்டப்படி சரி, வாங்குபவருக்குச் சரியில்லை. விரும்பினால் அப்போதும் சோதிக்கலாம். உச்சவரம்புக் கட்டணமான 54.85 பவுண்டை நண்பரே கட்டுவதாகச் சொல்லிச் சோதிக்க வைத்தார். பிரேக் குழாய் அரித்திருந்தது தெரியவந்தது. அதை மாற்றிய பிறகே பணம் கொடுத்தார்.

என் காரின் பதிவில் இப்போது ஆறு வரிகள் என்னுடையவை. இரண்டு முறை கைபிரேக் பலவீனம் என்று அட்வைசரி. இந்த மாடலில் பின்சக்கரத்தின் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இறுகுவது வழக்கம், மாற்றிய பிறகு வரவில்லை. இருக்கைகளுக்குப் பின்னால், கூரைத் தண்ணீர் வடியும் துளை பக்கத்துக்கு ஒன்று இருக்கிறது. அது அடைத்தால் தண்ணீர் நேராகச் சில்லுக்குள் இறங்கும். மாதம் ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.

இந்த வருடச் சோதனையில், வலப்பக்கச் சில்லின் பின்முனையில் லேசான துரு என்று முதல் முறையாக எழுதினார்கள். அடுத்த மாதம் வெல்டிங்குக்கு விடுகிறேன். படங்கள் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். விற்றவர் கொடுத்த அதே கோப்பில் இன்னும் இடம் இருக்கிறது.