நாலு பர்னருக்கு ஒரே மைனஸ் பட்டன்: டச் பேனல் இண்டக்ஷன் அடுப்பு

நாலு பர்னர் இண்டக்ஷன் அடுப்புகளில் டச் பேனல் பெரும்பாலும் இரண்டு வகை. பர்னருக்கு ஒரு ஸ்லைடர் என்பது ஒன்று. நாலுக்கும் பொதுவாக ஒரே ஜோடி பிளஸ், மைனஸ் என்பது மற்றொன்று. பாத்திரம் சூடாவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பொதுப் பட்டன் வகையில் கூடுதல் வேலை முழுக்க சமைப்பவரின் தலைக்குத்தான்.

பின்னால் இடதுபக்க பர்னரை 9-இலிருந்து 3-க்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்த பர்னரின் குறியைத் தொட வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளி எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மைனஸை ஆறு தட்டு. பல மாடல்களில் அந்தத் தேர்வு சில நொடிகளில் தானாக விலகிவிடும். அதன்பின் தட்டினால் ஒன்றும் நடக்காது. தேர்வு விலகாத மாடல் இன்னும் மோசம், குறியைத் தொட மறந்து மைனஸைத் தட்டினால் கடைசியாகத் தொட்ட வேறு பர்னர் குறைந்தோ அணைந்தோ போகும். நாள்பட்டாலும் இந்தச் சிரமம் முழுதாகப் போகாது. ஒரே மைனஸ் ஒவ்வொரு முறையும் வேறு பர்னருக்கு வேலை செய்தால் விரல் எதைப் பழகும்?

சிறிது நேரத்துக்கு 9-ஐவிட அதிகச் சூடு தரும் பூஸ்ட் இன்னொரு குழப்பம். பல அடுப்புகளில் ஒரு பக்கத்து இரண்டு பர்னர்களின் காயில்களுக்கும் (சூடாக்கும் கம்பிச்சுருள்கள்) மின்சாரம் ஒரே மின்பகுதியில் இருந்து வருகிறது. முன்னால் பூஸ்ட் போட்டதும் பின்னால் 9 தானாக 6 ஆகிவிடும். பழுது என்று சர்வீஸுக்குக் கூப்பிடுகிறார்கள், பழுதல்ல, பங்கீடு. பூஸ்ட் தேவைப்படும் பாத்திரத்தை ஒரு பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் வைத்தால் போதும்.

குமிழ் வைத்த மாடல் வாங்கினால் எல்லாம் சரியா? பாதி சரி. திருகினால் குறையும், ஈரக்கையும் பிரச்சினையில்லை. ஆனால் பர்னர்கள் சதுரமாகவும் குமிழ்கள் ஒரே வரிசையிலும் இருந்தால், எந்தக் குமிழ் எதற்கு என்பதற்கு 24 சாத்தியங்கள். சபானிஸ், லிண்டன்பாம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1959-இல் வெளியிட்ட சோதனையில், பர்னர்களைச் சற்றே விலக்கி, குமிழ்களின் அதே இடவல வரிசையில் வைத்த அமைப்பில் மட்டும் 1,200 முயற்சிகளில் ஒரு தவறுகூட இல்லை. இன்றும் பல கம்பெனிகள் சதுரத்தையே விற்கின்றன, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் படம் போட்டு!

கடையில் இப்படிச் சோதியுங்கள்: இரண்டு பர்னரை 9-இல் வைத்து, பின்னால் இருப்பதை 3-க்கு இறக்குங்கள். பாத்திரம் இல்லாவிட்டாலும் சிறிது நேரம் எண் மின்னும், அது போதும். மூன்று தொடுதலுக்கு மேல் போனால் வேறு மாடல் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒன்று. பால் பொங்கி பேனலில் வழிந்தால் சென்சார் ஈரத்தை விரல் என்று எடுத்துக்கொள்ளும். பீப் அடித்து மொத்த அடுப்பும் அணையலாம், பட்டன்கள் கேட்காமலும் போகலாம். பொங்கி வரும்போது பேனலைத் தேடாமல் பாத்திரத்தைத் தூக்குங்கள். தூக்கிய உடனே சூடேறுவது நின்றுவிடும். துடைப்பதும் எண்ணைக் குறைப்பதும் பிறகு.