பாலூட்டும் காலத்தில் நகச்சொத்தை: 14 மாத மருந்துப் பயன்பாட்டு அனுபவம்

குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்தில், என் வலது கால் பெருவிரல் நகம் நுனியிலிருந்து மஞ்சளாகித் தடித்து, வெட்டும்போது மாவாக உதிரத் தொடங்கியது. சுண்டுவிரல் நகமும் அவ்வாறே ஆனது. சொரியாசிஸும் பழைய அடியும்கூட நகத்தை இதே தோற்றத்துக்குக் கொண்டுவரும் என்பதால், தோல் மருத்துவர் நகத்தின் அடியிலிருந்து சுரண்டிய துகளைப் பரிசோதனைக்கு அனுப்பி, பூஞ்சைதான் என்று உறுதியான பின்னரே மருந்து எழுதினார்.

கால் நகத்துக்கு டெர்பினாஃபைன் மாத்திரை பொதுவாக நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் 12 வாரங்கள் தரப்படுகிறது. அது தாய்ப்பாலில் கலக்கும். எனக்கு நகத்தின் வேர்ப்பகுதி பாதிக்கப்படவில்லை, நீரிழிவும் இல்லை; ஆகவே மாத்திரையைக் குழந்தை பால் மறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கூறி, 5 சதவீத அமோரோல்ஃபின் நகப்பூச்சைப் பரிந்துரைத்தார். நகத்தின் மேல் பூசும் இம்மருந்து இரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு என்று அவர் விளக்கியது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வாரம் ஒருமுறை, குழந்தை உறங்கிய பின், நகத்தை அராவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, பூச்சைத் தடவிச் சில நிமிடங்கள் உலரவிட்டு, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவேன். அந்த அரத்தை நல்ல நகங்களில் ஒருபோதும் பயன்படுத்தவில்லை. எட்டாம் மாதத்தில் குழந்தை தவழ்ந்து வந்து என் கால் விரல்களைப் பிடித்து வாயில் வைக்க முயன்றபோதுதான் உண்மையில் பயந்தேன். அன்று முதல் வீட்டுக்குள்ளும் காலுறை அணிந்தேன். விரலிடுக்கில் இருந்த சேற்றுப்புண்ணுக்கும் மருத்துவர் தனியே களிம்பு கொடுத்தார். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் பூஞ்சை அங்கிருந்தே மீண்டும் நகத்துக்கு வந்திருக்கும்.

முதல் மூன்று மாதங்கள் எந்த மாற்றமும் தெரியாததால் மனம் சோர்ந்தேன். கெட்டுப்போன நகம் சீராவதில்லை, நல்ல நகம் அடியிலிருந்து வளர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும் என்பதும், கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதும் அதன் பிறகே புரிந்தது. மாதந்தோறும் முதல் தேதியில் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, ஐந்தாம் மாதத்தில் அடியில் தெளிவான பட்டை ஒன்று தென்பட்டது. இடையில் உடல்நலமின்றி நான்கு வாரங்கள் பூசாமல் விட்டது தவறு; அந்தப் பட்டையின் ஓரம் மீண்டும் மங்கியது.

பதினான்காம் மாத முடிவில் பெருவிரல் நகம் முழுவதும் தெளிந்துவிட்டது. சுண்டுவிரல் நகம் இன்னும் தடித்தே இருக்கிறது. குழந்தை இப்போது பால் மறந்துவிட்டதால், மாத்திரை தொடங்கும் முன் கல்லீரல் இரத்தப் பரிசோதனையும் நகத் துகள் பரிசோதனையும் செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறியிருக்கிறார்; துகளை நேற்றுக் கொடுத்து வந்தேன்.