"செட்டோட எடுத்துக்கங்க" என்றார்கள்: முதல் மினி டிராக்டர் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

மினி டிராக்டர் வாங்கப் போன இடத்தில் "கருவியெல்லாம் செட்டோட எடுத்துக்கங்க, ரேட்டு பார்த்துப் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு முதலில் இதைப் படித்துவிடுங்கள். 2023 சித்திரையில் அந்தப் பேச்சை நம்பி நான் கொடுத்தது 1,75,000 ரூபாய். அதில் இன்றைக்கும் என் தோட்டத்தில் உருப்படியாக உழைப்பது மண்ணை நிரவும் 22,000 ரூபாய் லெவல் பிளேடு ஒன்றுதான்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு. 25 அடிக்கு 25 அடி இடைவெளி. நடுவில் ஜாதிக்காய் வைத்திருக்கிறோம். செடி வளர வளர வாடகை டிராக்டர் உள்ளே நுழைய முடியாமல் போனது. கிளையை ஒடிக்கும், இல்லையென்றால் சொட்டுநீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் 24 எச்பியில் நாலு சக்கரமும் இழுக்கிற மினி வண்டி ஒன்றை எடுத்தேன். வண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை விற்றவர் கைகாட்டிய கருவிக் கடையில்தான் மாட்டிக்கொண்டேன். கடை பெயரைப் போடவில்லை, பாதி சமாதானத்தில் முடிந்த விஷயம்.

கடைக்காரர் எனக்குக் கொடுத்த செட் இது: மண்ணைச் சுழல் கத்திகளால் கிளறும் 5 அடி ரொட்டவேட்டர் 1,15,000, 9 கொத்துக் கலப்பை 38,000, அப்புறம் அந்த லெவல் பிளேடு. "அஞ்சு அடி தாங்குமா?" என்று கேட்காமல் இல்லை. "பெருசா இருந்தா சீக்கிரம் முடியுமில்லீங்ணா? நாலு அடி வாங்கிட்டுப் போனவங்கெல்லாம் திரும்பி வந்து மாத்திட்டுப் போறாங்க" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டீ வேறு வாங்கிக் கொடுத்திருந்தார்.

24 எச்பி என்பது இன்ஜின் கணக்கு. இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கடத்த வண்டியின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு, ஏறக்குறைய 20 எச்பிதான். 5 அடி ரொட்டவேட்டர் 35, 40 எச்பி வண்டிகளுக்கானது. நம் வண்டிக்கு 4 அடியே மேல்வரம்பு. இது எனக்குத் தெரியாது. கருவி விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

முதல் நாளே தெரிந்துவிட்டது. கருவி 400 கிலோவுக்கு மேல், வண்டியே 700 கிலோவுக்குள். லிவரைத் தூக்கினேன், ரொட்டவேட்டர் மேலே வந்தது, கூடவே முன்சக்கரமும் எழும்பியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி நேராகவே போகிறது, சக்கரம் தரையில் இருந்தால்தானே திரும்ப. கையேட்டில் தூக்கும் திறன் 750 கிலோ என்று போட்டிருந்ததே என்று பார்த்தால், அது கருவியை மாட்டித் தூக்கும் கீழ்க்கையின் நுனியில் அளந்த கணக்கு. கருவியின் பாரம் அதற்கும் ஓரிரு அடி பின்னால் தள்ளி உட்காருகிறது. அந்தக் கணக்கில் தூக்கும் திறன் குறைந்துகொண்டே வரும், முன்பக்கம் லேசாகிக்கொண்டே போகும்.

கடைக்குப் போன் போட்டேன். "முன்னாடி வெயிட் பிளேட் போட்டாச் சரியாப் போயிருங்ணா, பதினாலாயிரம் ஆகும்" என்றார். தவறான கருவியை விற்றுவிட்டு, அந்தத் தவறைத் தாங்க இன்னொரு கருவி!

அகலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜாதிக்காய் வரிசைக்கும் குழாய்க்கும் நடுவே எனக்கு ஓட்டக் கிடைப்பது ஆறடி. 5 அடி என்பது வெட்டுகிற அகலம் மட்டும். பக்கத்துக் கியர் பெட்டி, இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஆறடியைத் தொட்டுவிடும். முதல் இரண்டு சாலில் 16 எம்.எம். குழாயை மூன்று இடத்தில் அறுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குழாயைச் சேர்க்கும் ஜாயின்டரை எடுத்துவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பெரிய அடி நான்காம் நாள். சால் முடிவில் வண்டியைத் திருப்ப ரொட்டவேட்டரைத் தூக்குகிறேன், பின்னாலிருந்து தேங்காய் தகரக் கூரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பி.டி.ஓ. பக்கம் எண்ணெய் ஒழுகிச் செம்மண்ணில் கருப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. வண்டியையும் கருவியையும் இணைக்கும் ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும், சுருங்கும். வண்டிக்கு ஏற்ற நீளத்தில் அதை அறுத்துப் பொருத்தித் தர வேண்டும். எவ்வளவு சுருங்கினாலும் ஓர் அங்குலமாவது இடம் மிச்சமிருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது பெரிய டிராக்டரின் நீளத்தில் இருந்த ஷாஃப்ட். தூக்கும்போது சுருங்க இடமில்லாமல் நேராக வண்டியின் தண்டை இடித்திருக்கிறது. பேரிங் போனது, ஆயில் சீல் போனது, ஹவுசிங்கில் கீறல். 41,000 ரூபாய், 19 நாள்.

வாரண்டி கேட்டேன். வண்டிக்காரர்கள் "இந்த அளவு கருவி நாங்க சொன்னதே இல்லீங்க" என்றார்கள். கருவிக் கடைக்காரர் "ஓட்டத் தெரியாம ஓட்டிட்டீங்ணா" என்றார். கைகாட்டிய விற்பனைப் பையன் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தான்.

பிரித்து வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன்தான் ஷாஃப்டின் முனை இணைப்பான நுகத்திலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தலையில் 12.9 என்று பொறித்த ஆலன் போல்ட். "இந்த இடத்துல உடையறதுக்குன்னே ஒரு போல்ட் வரும் தம்பி. கல்லோ வேரோ சிக்கினா அது உடைஞ்சு மத்ததைக் காப்பாத்தும். இது சாமானியத்துல உடையாது. முன்னாடி யாரோ அடிக்கடி உடைச்சுட்டு, சலிச்சுப் போயி இதைப் போட்டிருக்காங்க." அப்போதுதான் பொறி தட்டியது: முன்னாடி யார்? நான் வாங்கியது புதுசாயிற்றே!

குனிந்து கத்திகளைப் பார்த்தோம். மொத்தம் 36 எல் கத்தி. பதினோரு கத்தி மட்டும் முனை நேராகப் புதிதாக இருந்தது. மற்றவற்றின் முனை தேய்ந்து வளைந்திருக்க, அதன் மேலே பளபளவென்று சிவப்புப் பெயின்ட். கியர் பெட்டிக்கு அடியில் நகத்தால் சுரண்டினால் பெயின்டுக்குக் கீழே காய்ந்த களிமண். எங்கள் ஊரில் களிமண்ணே கிடையாது. யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததைத் துடைத்துப் பெயின்ட் அடித்து எனக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

கேட்கலாம் என்று பில்லை எடுத்தால், அங்கே என் முட்டாள்தனம். "முழுசுக்கும் பில் போட்டா ஜிஎஸ்டி 12 பர்சன்ட் வந்துருங்ணா" என்று சொன்னதற்குத் தலையாட்டி, ரொட்டவேட்டருக்கு 60,000 ரூபாய்க்கு மட்டும் பில் வாங்கியிருந்தேன். மீதி துண்டுச்சீட்டில். பில்லிலும் 'ரொட்டவேட்டர் 5 அடி' என்று ஒரே வரி, மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 5 சதவீதமாகிவிட்டது. இனி அந்தச் சாக்கைச் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

மானியக் கதை தனி. "சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று கொடுங்க, சப்சிடி நாங்களே வாங்கித் தந்துர்றோம்" என்று எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிறு குறு விவசாயிகளுக்குப் பாதி வரை மானியம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகே கொள்முதல். அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடலாகவும் இருக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் பில்லைப் பார்த்த அம்மா தேதியைத் தொட்டுக் காட்டி, "வாங்கிட்டு வந்து கேக்கறீங்களே சார்" என்றார். அவர் பக்கம் தவறே இல்லை. நேரில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

கலப்பைக்கு வருவோம். 9 கொத்துக் கலப்பை ஏழடி அகலம், பெரிய வண்டிக்கானது. அதை வண்டியில் மாட்டும் கீழ்ப்பின் 28 மில்லிமீட்டர் கனம். மினி வண்டியின் கீழ்க்கை உருண்டையில் நுழைவது 22 மில்லி. கடைக்காரர் பழைய பின்னை அறுத்துவிட்டு, சின்னக் கம்பியை வெல்டு வைத்துக் கொடுத்திருந்தார். இழுத்த முதல் நாளே இடது பக்கம் வெல்டு விட்டது. கேட்டதற்கு, "நாலு கொத்தைக் கழட்டிட்டு அஞ்சுல ஓட்டுங்ணா." அதற்கு 5 கொத்துக் கலப்பையையே கொடுத்திருக்கலாமே, ஐயா?

கடைசியில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். கத்திகளையும் அந்தக் களிமண்ணையும் படம் எடுத்து வைத்திருந்தேன். இரண்டாவது வாரம் கடையிலிருந்து போன் வந்தது. ரொட்டவேட்டரை எடுத்துக்கொண்டு, பில்லில் இருந்த 60,000-ஐ மட்டும் கொடுத்தார்கள். துண்டுச்சீட்டுப் பணம் 55,000 போனது போனதுதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு அங்கே என்ன சொல்வது என்றுதான் போகவில்லை.

இப்போது கருவி வாங்கக் கிளம்பும்போது டேப் எடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் தோப்பில் மிகக் குறுகலான இடத்தை அளக்க வேண்டும், அகலமான இடத்தை அல்ல. கடையில் சட்டத்தோடு சேர்த்து முழு அகலத்தையும் நாமே அளக்க வேண்டும். அது பின்டயர் தடத்தை மூடினால் போதும், அதற்கு மேல் ஆசை வேண்டாம். எடையைக் கேளுங்கள். மாட்டுகிற பின்னின் கனத்தையும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வண்டியைக் கடைக்கே ஓட்டிப் போய், அங்கேயே மாட்டி, உச்சிவரை தூக்கி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஷாஃப்ட் இடிப்பதும் முன்சக்கரம் எழும்புவதும் அங்கேயே தெரிந்துவிடும். "வீட்ல போயி மாட்டிக்கலாம்" என்றால் வேறு கடை பாருங்கள்.

முதல் வருடம் வாடகைக்கே எடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது என் கட்சி. உழவன் செயலியில் இ-வாடகை இருக்கிறது, பக்கத்துத் தோட்டக்காரரிடமும் கேட்கலாம். நான் 4 அடி ரொட்டவேட்டரை அப்படித்தான் இரண்டு போகம் ஓட்டிப் பார்த்துவிட்டு, முழு பில்லோடு வாங்கினேன். அதையும் வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இறக்குவதில்லை. அடிக்கடி ஓட்டினால் மேல்மண் மாவாகி, அதற்குக் கீழே மண் இறுகிவிடுகிறது. மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் எந்தக் கருவியும் போவதில்லை, வேர் அறுந்துவிடும். மற்ற நாளெல்லாம் மட்டை இழுக்கவும் எரு போடவும் சின்ன டிரெய்லர்தான் ஓடுகிறது. முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான். அந்தச் செட்டில் அது மட்டும்தான் இல்லை.

9 கொத்துக் கலப்பை மோட்டார் ரூம் ஓரத்தில் நிற்கிறது. அதன் மேல் அம்மா பீர்க்கங்கொடி ஏற்றிவிட்டிருக்கிறார். 45 எச்பி வண்டி வைத்திருப்பவர் யாராவது வந்தால் 20,000-க்குக் கொடுத்துவிடுவேன். இரண்டு பின்னும் 28 மில்லிக்கு மாற்றி வெல்டு வைக்க வேண்டும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காய்ப்பு முடிந்த பிறகு வாருங்கள்.